கழுவெளிக் கரைக்கு வரும் மையம் யாருக்காக?

மரக்காணத்தில் 25 கோடி ரூபாய் செலவில் பன்னாட்டுப் பறவைகள் மையம் அமைக்கப்படும் என்று 2023-24 தமிழக பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முன்பே, 2021 டிசம்பரில், கழுவெளியில் 5,151 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமாகிவிட்டது. இதைப் பற்றி அனுமந்தையில் எங்கே பேச்செடுத்தாலும் இரண்டு கட்சி கிளம்பும். "டூரிஸ்ட் வருவான், மனை விலை ஏறும், நாலு கடை போடலாம்" என்பது ஒன்று. "வலை போடாதேம்பான், மாட்ட எறக்காதேம்பான், நம்மள வெளிய நிக்க வெச்சிட்டு எவனோ கார்ல வந்து பார்த்துட்டுப் போவான்" என்பது இன்னொன்று.

இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரு தரப்புமே மையம் என்றால் கட்டடம் என்று நினைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். கட்டடம் எப்படியும் எழும், அது சர்க்கார் வேலை. அதற்குள் என்ன நடக்கும், எந்த மாதத்தில் நடக்கும், யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான் என் கவலை. கவலைக்குக் காரணம், தண்ணீர்க்கரையில் கலைக்கும் படிப்புக்கும் ஓய்வுக்கும் என்றே ஏற்பட்ட ஒரு பழைய இடத்தை நான் இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறேன். அடையாறு பிரம்மஞான சபையைச் சொல்கிறேன்.

முதல் முறை போனது 1980-களில். இலாகா பயிற்சிக்காகச் சென்னையில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். ஒரு விடுமுறை நாளில் உடன் தங்கியிருந்தவர் "பெரிய ஆலமரம் பார்க்கலாம் வாங்க" என்று கூட்டிப் போனார். பஸ் சத்தம், பெட்ரோல் புகை எல்லாம் வாசலோடு நின்றுவிட்டது. உள்ளே மண் பாதை, இரு பக்கமும் மரம். நடக்க நடக்க அடையாறு தெரிந்தது. அந்த இடத்தில் ஆறு ஓடுகிற ஆறாக இருக்காது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு நிற்பதால் ஏரி மாதிரி பரந்து கிடக்கும். நம் எடையன்திட்டு கழிமுகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. அதே உப்பங்காற்று, அதே சேற்று வாசனை, அதே நாரை.

ஆலமரம் அப்போது நடுத்தண்டோடு நின்றது. நானூறு, நானூற்றைம்பது வயது என்பார்கள். 1989-ல் அடித்த புயலில் தாய்த்தண்டு சாய்ந்துவிட்டது. நான் இரண்டாவது முறை போனது பணி ஓய்வுக்குப் பிறகு. அப்போது விழுதுகள் மட்டும் ஊன்றி நின்றன. தாய் போய்விட்டாலும் தோப்பு மாதிரி நிற்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை மரத்தைப் பார்த்தேன், இரண்டாம் முறை உட்கார எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்தேன். அறுபதைத் தாண்டினால் எந்தப் புண்ணிய ஸ்தலத்துக்கும் அளவுகோல் அதுதான்.

அந்த இடத்தின் கதை இந்தியாவில் தொடங்கவில்லை. அமெரிக்காவைச் சேர்ந்த கர்னல் ஆல்காட், ருஷ்யாவில் பிறந்த பிளாவட்ஸ்கி அம்மையார் முதலியோர் 1875-ல் நியூயார்க் நகரில் சபையைத் தொடங்கினார்கள். 1882-ல் அடையாற்றங்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டம் என்ற 27 ஏக்கரை வாங்கி இங்கே வந்து சேர்ந்தார்கள். இன்று அது 250 ஏக்கருக்கு மேல்.

இதில் எனக்கு வியப்பாக இருந்த சங்கதி ஒன்று உண்டு. சபை தொடங்குவதற்கு ஓராண்டு முன்பு, 1874-ல், அதே நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில் ஷடாக்குவா என்ற ஏரிக்கரையில் இன்னொரு முயற்சி தொடங்கியிருந்தது. ஜான் வின்சென்ட் என்ற மெதடிஸ்ட் பாதிரியாரும், லூயிஸ் மில்லர் என்ற தொழிலதிபரும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களைக் கோடையில் கூட்டிக் கூடாரம் போட்டுப் பாடம் நடத்தினார்கள். (இந்த மில்லரின் மகள் மினாதான் பின்னாளில் விஞ்ஞானி எடிசனின் மனைவி.) அது வளர்ந்து சொற்பொழிவு, சங்கீதம், நாடகம், படகு என்று ஆகி, இன்றும் ஒவ்வொரு கோடையிலும் ஒன்பது வாரம் நடக்கிறது. 2022 ஆகஸ்டில் சல்மான் ருஷ்டி கத்தியால் குத்தப்பட்டது அந்த மேடையில்தான். அதனால் நம் பத்திரிகைகளிலும் அந்தப் பெயர் அடிபட்டது.

தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் அங்கே ஒரு வாரம் தங்கிவிட்டு வந்து எழுதியதைப் படித்திருக்கிறேன். எல்லாம் சுத்தம், எல்லாம் ஒழுங்கு, எல்லாரும் நல்லவர்கள். வெளியே வந்ததும்தான் அவருக்கு மூச்சு வந்ததாம். வேர்வையும் ஆபத்தும் உள்ள நிஜ உலகம் எங்கே என்று தேடினாராம். இரண்டாம் முறை அடையாற்றில் ஒரு மணி நேரம் கழிந்ததும் எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது. அமைதி நல்லதுதான். ஆனால் அந்த மதிலுக்குப் பக்கத்திலேயே ஊரூர்க் குப்பத்தில் மீன் காய்கிறது. உள்ளே அந்த வாசனை கூட வருவதில்லை.

ஆகவே அடையாற்றை வெறுமனே பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அங்கே நடந்தவற்றை எண்ணிப் பார்த்தால் ஒன்று பிடிபடுகிறது. பேர் சொல்லும்படியான காரியங்கள் பெரும்பாலும் பெரிய கட்டடத்துக்குள் நடக்கவில்லை.

ருக்மிணி தேவி 1935-ல் சபையின் வைர விழாவில் அந்த வளாகத்தில்தான் ஆடினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் தொடங்கிய பள்ளிதான் பின்னர் கலாக்ஷேத்திரா ஆனது. ஒன்றிரண்டு மாணவிகள், ஒரு மரநிழல், அவ்வளவுதான் மூலதனம். சொந்த இடமாகத் திருவான்மியூருக்குப் போனது 1960-களில். அவருக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர்கள் மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும். கற்றுக்கொண்டவர்கள் மேடைக்கு வர, காலங்காலமாக ஆடி வந்த குடும்பங்களின் பெண்கள் மேடையை விட்டு மறைந்தார்கள் என்ற மனத்தாங்கல் இன்றைக்கும் இருக்கிறது. அதில் உண்மை இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. இதைப் பிறகு நம் கூத்துக்காரர்கள் விஷயத்தில் மறக்கக் கூடாது என்பதற்காகவே இங்கே எழுதிவைக்கிறேன்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் அடையாற்றுக்கு வந்தார். சில மாதம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. யுத்தம் வந்துவிட்டது. இத்தாலியர் என்பதால் அவர் மகனை ஆங்கில அரசு காவலில் வைத்தது, அம்மையாரும் நினைத்த இடத்துக்குப் போக முடியவில்லை. 1946 வரை இந்தியாவிலேயே தங்கிவிட்டார். அந்த முதல் பயிற்சி நடந்தது கீற்றுக் கொட்டகைகளில். இன்று நம் பக்கத்து மெட்ரிக் பள்ளிகள் வாசலில் "மாண்டிசோரி முறை" என்று போர்டு மாட்டி வாங்குகிற பீஸைப் பார்த்தால், அந்தக் கீற்றுக் கொட்டகையை நினைத்துச் சிரிப்புத்தான் வருகிறது.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது மதிலுக்கு வெளியே நடந்த காரியம். 1894-ல் ஆல்காட், அக்கம்பக்கத்துச் சேரிப் பிள்ளைகளுக்காக ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். பஞ்சமர் என்று சொல்லி எந்தத் திண்ணையிலும் ஏற்றாத காலம். நாலு வருஷம் கழித்து, 1898-ல், அயோத்திதாசப் பண்டிதர் இலங்கைக்குப் போய் பௌத்தம் தழுவிய பயணத்துக்கும் ஆல்காட்தான் துணை நின்றார். சபையின் தத்துவங்களில் எனக்குப் பாதி புரியாது, மீதியில் நம்பிக்கை இல்லை. சூட்சும சரீரம், மகாத்மாக்கள் எழுதிய கடிதம் எல்லாம் எனக்கு ஒத்து வராத சமாசாரம். ஆனால் அந்தப் பள்ளியில் அரிச்சுவடி படித்த பிள்ளைக்கு அந்தத் தத்துவம் தேவையே இல்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்தது, அது போதும்.

ஷடாக்குவாவிலும் இதே கதைதான். ஏரிக்கரையில் வீடெடுத்துத் தங்க வசதி உள்ளவர்கள் சிலர். 1878-ல் அவர்கள் தபால் மூலம் நாலு வருஷ வாசிப்புத் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். பட்டிக்காட்டில் உள்ள குடியானவர் மனைவியும் கடைக்காரரும் வீட்டில் இருந்தபடியே புத்தகம் படித்து, அக்கம்பக்கத்தாரோடு கூடிப் பேசினார்கள். ஏரியைக் கண்ணால் காணாதவர்கள் லட்சக்கணக்கில் அதனால் படித்தார்கள். அந்த இடம் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது அதனால்தான், படகுச் சவாரியால் அல்ல.

இனி நம் கழுவெளிக்கு வருகிறேன்.

நம் பக்கத்தில் இப்படி ஒரு வழக்கம் இல்லவே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சிறுபாணாற்றுப்படையில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனைத் தேடிப் போகும் பாணனுக்குச் சொல்லப்படும் வழியில் முதலில் வருவது எயிற்பட்டினம். அது மரக்காணம்தான் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அங்கிருந்து கிடங்கில் வரை, அதாவது இன்றைய திண்டிவனம் வரை, யாழோடு வந்தவனுக்கு வழியெல்லாம் சாப்பாடு. நம் கரையில் கிடைப்பது கள்ளும் சுட்ட மீனும். கலைக்காரனைப் பட்டினி போடாத ஊர் என்று சங்க காலத்திலேயே பேர் வாங்கியிருக்கிறோம்.

அவ்வளவு தூரம் போவானேன். திரௌபதை அம்மன் கோயில் பாரதம் கேட்டவர்கள் இதைப் படிப்பவர்களில் பாதிப்பேராவது இருப்பீர்கள். பங்குனிக்குப் பிறகு, வயல் காய்ந்து கிடக்கும் நாட்களில், கொடி ஏறும். பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். இரவில் அதே கதை கூத்தாகி விடிய விடிய நடக்கும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் நாளில் பிள்ளை வரம் வேண்டுவோர் கூட்டம். கடைசியில் களிமண்ணால் செய்த துரியோதனன் படுகளம், அப்புறம் தீமிதி. பத்து நாள், பதினெட்டு நாள், சில ஊரில் அதற்கும் மேல். பகலில் பாடம், இரவில் நாடகம், வேலை இல்லாத பருவத்தில் ஊரே கூடுவது. ஷடாக்குவாக்காரர்கள் 1874-ல் கண்டுபிடித்ததை நம் பாட்டன்மார் எப்போதோ நடத்திக்கொண்டிருந்தார்கள். வில்லிபுத்தூராரே நம் திருமுனைப்பாடி நாட்டுக்காரர். எழுதப் படிக்கத் தெரியாத என் பெரியம்மா, சபாபருவத்தில் வீட்டுமன் வாய்மூடி இருந்தது சரியா தப்பா என்று சம்பந்தி வீட்டாரோடு வாதம் செய்வாள். பள்ளிக்கூடம் கொடுக்காத படிப்பு அது.

ஆனால் அந்தக் கதவு எல்லாருக்கும் திறந்திருந்ததா என்றால் இல்லை. நம் மாவட்டத்து மேல்பாதியில் 2023-ல் திரௌபதை அம்மன் கோயிலுக்கே சீல் வைக்கும் நிலை வந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். பழசை எல்லாம் அப்படியே கொண்டுவா என்று நான் கேட்க முடியாதது அதனால்தான். பொது மையம் ஒன்று நம் ஊருக்குத் தேவைப்படுவதும் அதனால்தான். அதன் வாசலில் எந்தத் தெரு என்று கேட்க ஆள் இருக்காது.

அங்கே என்ன நடக்க வேண்டும்? பருவத்திலிருந்து தொடங்குவோம். பாரதம் குடியானவர் ஓய்வை ஒட்டி வைத்த விழா. நம் கரையில் பாதிப் பேர் குடியானவர்கள் அல்ல. உப்பளத்தில் தை, மாசியில் பாத்தி மிதிக்கத் தொடங்கினால் சித்திரை, வைகாசி உச்சி வெயிலில்தான் வேலை மும்முரம். ஊரெல்லாம் விடுமுறை என்னும் அந்த மாதங்களில் அவர்கள் காலும் கண்ணும் உப்பில். ஐப்பசி மழை இறங்கியதும் அளம் மூழ்கும், கூலியும் நிற்கும். அவர்களுக்கு ஓய்வு என்று ஒன்று உண்டென்றால் அது ஐப்பசியிலிருந்து தை வரைதான், அதுவும் கையில் காசில்லாத ஓய்வு.

அதே மாதங்களில்தான் கழுவெளியில் தண்ணீர் ஏறுகிறது. உள்ளானும் கூழைக்கடாவும் பூநாரையும் வந்து இறங்குவதும் மழைக்குப் பின்னால்தான். மையத்துக்குக் கூட்டம் வரப்போவதும் அப்போதுதான். ஏரியும் பறவையும் உப்பளத்து மனிதரின் வெறும் கையும் ஒரே சமயத்தில் வந்து சேர்கின்றன. இந்தப் பொருத்தத்தைத் திட்டம் போடுகிறவர்கள் கவனித்தார்களோ என்னவோ, நமக்குத் தெரியும்.

ஆகவே அந்த மூன்று மாதமும் மையத்தின் வேலை உள்ளூர்க்காரரை வைத்து நடக்க வேண்டும் என்பது என் கட்சி. வெளியூர்க்காரருக்குப் பறவை காட்ட வழிகாட்டிகள் வேண்டுமே, உப்பளத்துப் பெண்களை விடத் தெரிந்தவர் யார்? எந்தக் குருவி எந்தப் பாத்தியில் இறங்கும், எது வந்தால் மழை வரும் என்று அவர்களுக்குத் தெரியும். வைத்திருக்கும் பெயர்தான் வேறு. அந்தப் பெயர்களை எழுதி வைக்கவாவது ஒருவர் வேண்டும். கூலி நின்ற மாதத்தில் அதற்குச் சம்பளம் கொடுத்தால் வீட்டில் அடுப்பெரியும். பிற்பகலில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் வாசிப்பு. ஓய்வு பெற்ற வாத்தியார்கள் இந்தக் கரையில் ஊருக்குப் பத்துப்பேர் இருக்கிறோம், பேப்பரை மூன்று தடவை படித்துவிட்டு நாலாவது தடவைக்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டு.

கூத்தையும் சேருங்கள் என்பார்கள். சேர்க்கலாம், ஆனால் ஏரிக்கரையில் வேண்டாம். முகவீணையும் மத்தளமும் கேட்டால் பூநாரை ஒரு ராத்திரி கூட நிற்காது. கூத்துக்குப் பங்குனி இருக்கிறது, கோயில் திடல் இருக்கிறது. கூத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கி, சனி, ஞாயிறு டூரிஸ்டுக்குக் காட்டும் ஐட்டமாக ஆக்கினால், சதிராடிய பெண்களுக்கு நேர்ந்ததுதான் நம் கூத்துக்காரருக்கும் நேரும். ஆட்டம் இருக்கும், ஆடியவர் குடும்பம் இருக்காது. மையம் கூத்துக்கு உதவ வேண்டுமானால் பிரசங்கியார்களை உட்கார வைத்துக் குரலைப் பதிவு செய்யட்டும். அந்தத் தலைமுறை வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

அடையாற்றைப் பார்த்துவிட்டுக் கீற்றுக் கொட்டகையே போதும் என்று நான் சொல்ல மாட்டேன். மாண்டிசோரி அம்மையாருக்குச் சரிப்பட்டது நமக்குச் சரிப்படாது. 2011-ல் தானே, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் என்று நம் கரை வாங்கிய அடி நமக்குத்தான் தெரியும். ஃபெஞ்சல் அன்று மயிலத்தில் மட்டும் அரை மீட்டர் மழை. ஆக, கட்டுகிற கூடம் புயல் அன்று குப்பத்து ஜனம் வந்து படுக்கும் அளவுக்கு உறுதியாகவும் உயரமாகவும் இருக்கட்டும். ஏசி வேண்டாம், நாலு பக்கமும் ஜன்னல் போதும், கடல்காற்று இலவசம். முதுகு சாய்க்கப் பலகை வைத்த பெஞ்சும், பெண்களுக்குத் தண்ணீர் வசதியோடு கழிப்பறையும் இல்லாமல் திறப்பு விழாவே வைக்கக் கூடாது.

இதற்கெல்லாம் செலவு பெரிதில்லை. வனத்துறைக்குக் கஷ்டமாகப் படப்போவது ஒன்றே ஒன்றுதான், உள்ளூர்க்காரரிடம் கட்டணம் வாங்காமல் இருப்பது. வானூர், மரக்காணம் இரண்டு தாலுக்கா ரேஷன் கார்டு காட்டினால் அனுமதி இலவசம் என்று உத்தரவு வேண்டும். "சும்மா விட்டால் கெடுத்துவிடுவார்கள்" என்ற பதில் வரும். கழுவெளியை இத்தனை நூறு வருஷம் கெடுக்காமல் வைத்திருந்தது யார் என்று அவர்களைத் திருப்பிக் கேட்க வேண்டும். சுற்றி ஆக்கிரமிப்பு நடக்கவில்லையா என்றால், நடந்தது. அதில் பெரிய வேலி போட்டவர்களை நமக்கும் தெரியும், தாலுக்கா ஆபீசுக்கும் தெரியும். உப்பு வாரும் பெண் வேலி போடவில்லை.

அண்ணன்மார்களே, அக்காமார்களே, வரும் ஜனவரி 26 கிராம சபையில் இதை மனுவாகக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். மழைக்கால வேலை, இலவச அனுமதி, புயலுக்கு ஒதுங்கும் கூடம் என்று மூன்றே கோரிக்கை, ஒரே தாள். கூனிமேடு, மரக்காணம் பக்கத்து நண்பர்களும் அவரவர் ஊராட்சியில் அதே தாளைக் கொடுத்தால் கனம் கூடும். நகல் எடுத்து வைத்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு மேல் பஸ் ஸ்டாப் டீக்கடையில்தான் இருப்பேன், பேனா கொண்டு வாருங்கள்.